எட்டாவது பெட்டி

எங்கள் ஆங்கிலத் துறையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு. என் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் சட்டென்று அடங்குகிற பேச்சிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். நன்றி மட்டும் தொண்டையைத் தாண்டி வராது. இப்படிப்பட்ட நான் ஒருவரைப் பற்றி மனதார எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அவர் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் எங்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரப்பரக்கா. திருப்பிக் கொடுக்கிற புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் எழுத்துக் கிடக்கும். அர்த்தம் எழுதியிருப்பார்கள், காதலியின் பெயர் எழுதியிருப்பார்கள், பேராசிரியர்களைப் பற்றி எழுதக்கூடாததையும் எழுதியிருப்பார்கள். அத்தனையையும் அழித்துவிட்டுத்தான் புத்தகத்தை அலமாரியில் வைக்க வேண்டும் என்பது நூலக விதி. பத்தொன்பது வருடமாக அந்த அழிக்கும் வேலை அவருடையது. என்னைவிட ஆறு வயது இளையவர்தான். ஆனாலும் அந்த ‘அக்கா’ பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் எனக்கும் அவர் ரப்பரக்காதான்.

மாடிப்படிக்குக் கீழே, கூரை சரிந்த ஓர் அறை அவருடைய இடம். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால் அதிகாரம் செய்ய யாரும் அங்கே வருவதில்லை. ஒரு மேஜை, கழுத்து மடங்குகிற விளக்கு, எழுத்துத் தேய்ந்துபோன விசைப்பலகை, சுவரோரமாக இதழ்க் கட்டுகள். அழிக்கிற வேலை போக மிச்ச நேரத்தில் புதிதாக வருகிற ஆய்விதழ்களைப் பிரித்து, தலைப்பு, எழுதியவர், பக்க எண், பின்னிணைப்பு உண்டா இல்லையா, முக்கியச் சொற்கள் என்று கணினியில் ஏற்றுவார். எல்லாம் ஆங்கிலம். அவர் படித்தது பள்ளி இறுதி வரைக்கும்தான், அதிலும் ஆங்கிலத்தில் இரண்டு முறை கோட்டை விட்டவர்.

அந்தக் கதையை ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார்.

“உன் அம்மா வேலை பாக்குற எடத்தைப் பத்தி எழுதுன்னு கேட்டிருந்தாங்க மேடம். எங்கம்மா வீட்டு ஜன்னலோரமா உக்காந்து சட்டைக்குப் பட்டன் தைக்கிறவங்க. அந்த ஜன்னலைப் பத்தி ஒரு பக்கம் எழுதினேன். பேப்பரை நகல் கேட்டு வாங்கிப் பாத்தா, சைபர் போட்டு ‘கேள்வியைப் படி’ன்னு ஓரத்துல எழுதியிருக்கு. அவங்க ஆன்சர் கீயில ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பேங்க் இதுதான் இருந்துச்சாம்.”

“அப்புறம் எப்படி பாஸ் பண்ணீங்க?”

“மூணாவது தடவை எங்கம்மாவை பேங்க்ல வேலைக்குச் சேத்துட்டேன்.”

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். அதில் அழ வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

சென்ற கல்வியாண்டு தொடங்கியதும் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் வாங்காத ஆசிரியர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். துறையில் பட்டம் இல்லாத ஒரே ஆள் நான்தான். இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், ஆறு வருடமாக ஆய்வுக்குப் பதிவு செய்து இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். என் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இதைப் பக்கத்து மேஜைக்காரர்களிடம்கூட நான் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் ஆய்வுப் பொருளைச் சொன்னால் கொட்டாவி வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கற்பிப்பதில் பன்மை என்பதைப் பற்றிய ஆய்வுகள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன என்பதுதான் அது. ஆங்கிலம் ஒரே நாட்டுக்காரர்களின் சொத்தா, பேசுகிற எல்லோருடையதுமா? வகுப்பில் வீட்டு மொழி தலைகாட்டலாமா? அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்தான் நல்ல ஆசிரியரா, படித்துக் கற்றுக்கொண்டவர் ஆகமாட்டாரா? பன்னிரண்டு வருடத்துக் கட்டுரைகளில் நானூற்றுப் பன்னிரண்டை எடுத்துக்கொண்டேன். முந்தியவை மாணவர்களின் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தன. நடுவில் வந்தவை எல்லா உச்சரிப்பும் சரிதான் என்று தாராளம் காட்டின. கடைசி நாலைந்து வருடத்துக் கட்டுரைகள் வகுப்புக்குள்ளேயே இரண்டு மூன்று மொழிகளைக் கலந்து பேசவிட்டன. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய கட்டுரை ஒன்றும் அந்தக் குவியலில் இருந்தது. வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. என்ன இருந்தாலும் நாமும் எழுதியிருக்கிறோம் என்ற பெருமை எனக்கு உண்டு.

வேலை இதுதான். கட்டுரைகளைப் படித்து, ஏழு பெட்டிகளில், அதாவது வகைகளில், எதில் சேரும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட வேண்டும். மூன்றாம் பெட்டி பன்மையை ஏற்றுக்கொள்ளும் கட்டுரைகளுக்கு. ஏழாவது, எதிலும் சேராதவற்றுக்கு. ஒருவர் பார்வையை மட்டும் நம்பக்கூடாது என்பதால் இரண்டு பேர் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் எண் போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். நூற்றுக்குக் குறைந்தது எண்பது ஒத்துப்போனால்தான் பெட்டிகள் செல்லும்.

அந்த இரண்டாவது ஆளுக்காகத் துறையில் ஒவ்வொருவரிடமும் போய் நின்றேன். எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. பட்டாசுக்குப் பக்கத்தில் நாலு மாதம் யார் உட்காருவார்கள்? கடைசியில் ரப்பரக்காவிடம் கேட்டேன்.

“எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதே மேடம்.”

“பத்தொன்பது வருஷமா இதைத்தானே படிக்கிறீங்க? துறையில பாதிப் பேர் படிச்சதைவிட அதிகம்.”

என் ஆய்வு வழிகாட்டியும் சம்மதித்தார். ஒரு வாரம் ரப்பரக்காவுக்குப் பெட்டிகளை விளக்கினேன். அப்புறம் நான் முதலில் படித்து முடிக்கிற கட்டுரை நகல்களைக் கட்டுக் கட்டாக அவர் மேஜையில் கொண்டுபோய் வைப்பேன். மறந்துவிடக்கூடாதே என்று நகலின் மேல் மூலையில் என் எண்ணைப் பென்சிலால் எழுதி, என் படிவத்தில் ஏற்றியதும் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் கொடுப்பேன். விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன் என்று எனக்கு நினைப்பு.

நாலு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால், நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்று ஒன்பது ஒத்துப்போயிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. துறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மறுநாள் வழிகாட்டியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு குழம்புல உப்பு சரியா இருக்குன்னே ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்கு நானூத்து ஒம்பது ஒத்துப்போகுதா? பன்மையைப் பத்தின ஆராய்ச்சியில ரெண்டு பேருக்கும் ஒரே மூளை. ஒண்ணு நீங்களே ரெண்டையும் போட்டிருக்கணும், இல்ல அவங்க உங்களைப் பாத்துப் போட்டிருக்கணும். எதுன்னு கேட்டுட்டு வாங்க. இப்படியே குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க.”

சமர்ப்பிக்க ஐந்து வாரம்தான் இருந்தது. மாடிப்படி அறைக்குள் நுழையும்போது கோபத்தில் குனிய மறந்து தலையை நன்றாக இடித்துக்கொண்டேன். அந்த வலியையும் சேர்த்து ரப்பரக்கா மேல் கொட்டினேன்.

“என்னைப் பாத்துக் காப்பியடிச்சீங்களா?”

“ஆமா மேடம்,” என்றார், மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல.

ஒரு நகலை எடுத்து மேஜை விளக்கின் கழுத்தைச் சாய்த்து அதன்மேல் வெளிச்சம் படியவைத்தார். மூலையில் நான் அழித்த மூன்று, பள்ளமாகத் தெரிந்தது.

“அழிச்சாலும் தடம் போகாது. எனக்கு இது பழக்கம். மூணு கட்டுரையில மட்டும் நீங்க அழுத்தாம எழுதிட்டீங்க, கண்டுபிடிக்க முடியல.”

“எதுக்குக்கா இப்படிச் செஞ்சீங்க? என் வேலையே போகப்போகுது.”

“அது போயிடக்கூடாதுன்னுதான் செஞ்சேன். மொதல்ல நானாத்தான் போட்டுக்கிட்டு வந்தேன். பாதியில ஒரு நாள் தடத்தைப் பாத்தா, எனக்கும் உங்களுக்கும் நிறைய எடத்துல ஒத்து வரல. நீங்க படிச்சவங்க. நான் தப்பாப் போட்டு உங்க படிப்பு கெட்டுப்போனா நாளைக்கு உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உக்காந்து எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

“நீங்களாப் போட்டது?”

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். கோடு போட்டு, வரிசை எண் போட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் அவருடைய எண் இருந்தது. தடத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்தவை, ஒன்று விடாமல். ஒரே ஒரு வரி மட்டும் நீல மசியால் கிறுக்கி மூடப்பட்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு.

“இது என்ன?”

“கை தவறிடுச்சு மேடம்.”

அங்கேயே உட்கார்ந்து என் படிவத்தோடு ஒப்பிட்டேன். இருநூற்றுத் தொண்ணூறுதான் ஒத்துப்போனது. நூற்றுக்கு எழுபது. அதிகம் ஒத்துப்போனதால் செல்லாது என்றார்கள், இப்போது குறைவாக ஒத்துப்போவதால் செல்லாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் மூன்று போட்ட எண்பத்து மூன்று கட்டுரைகளுக்கு அவர் ஏழு போட்டு, பக்கத்தில் சின்னதாக ‘கீ ஒண்ணுதான்’ என்று எழுதியிருந்தார்.

“இதெல்லாம் பன்மையை ஏத்துக்குற கட்டுரை. முதல் பக்கத்துலயே தெளிவா எழுதியிருக்கே. இருபத்திரெண்டு வருஷமா இந்தப் பாடத்தைத்தானே நடத்துறேன், எனக்குத் தெரியாதா?”

“நீங்க சொல்றது முதல் பக்கம் மேடம். பின்னிணைப்பு இருக்கான்னு பாக்குறது என் வேலையாச்சே, அதனால நான் கடைசிப் பக்கம் வரைக்கும் போவேன். அங்க அவங்க பசங்களுக்கு வெச்ச பரீட்சையும் ஆன்சர் கீயும் இருக்கு. எல்லா இங்கிலீஷும் சரின்னு முன்னாடி சொல்றாங்க. பின்னாடி ஒரு கேள்விக்கு ஒரே பதில்தான் வெச்சிருக்காங்க. வேற மாதிரி எழுதினவனுக்கு சைபர். இவங்களை எந்தப் பெட்டியில போடுறதுன்னு எனக்குத் தெரியல.”

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சுருக்கத்தையும் முடிவுரையையும் தாண்டிப் பெரும்பாலான கட்டுரைகளைப் படிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டை இழுத்து வைத்து ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நூலகம் மூடும் நேரத்துக்குள் முப்பது பார்த்துவிட்டேன். முப்பதிலும் அவர் சொன்னதுதான் சரி.

வீட்டுக்குப் போனதும் இருநூற்றுப் பன்னிரண்டை எடுத்தேன். என் கட்டுரை. எழுதியபோது பின்னிணைப்பைச் சேர்த்ததோடு சரி, பிறகு திரும்பிப் பார்த்ததே இல்லை. ‘வீட்டுக்கு ஒருவர் வந்தால் அவரிடம் என்ன சொல்வாய்?’ என்பது ஏழாவது கேள்வி. என் விடைக்குறிப்பில் ‘உள்ளே வாருங்கள்’ என்று இருந்தது. ஒரு மாணவன் ‘சாப்பிட்டீர்களா?’ என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். பூஜ்யம் போட்டு, தவறான விடைக்கு எடுத்துக்காட்டாக அதை அச்சிலும் ஏற்றியிருக்கிறேன். நோட்டில் கிறுக்கி மூடியிருந்த வரி என்ன என்று இப்போது புரிந்துபோயிற்று. பென்சிலை ரப்பரால் அழித்தால் தடம் தெரியும் என்று அறிந்தவர், அந்த ஒரு வரியை மட்டும் மசியால் மறைத்திருக்கிறார். அன்று என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் வழிகாட்டியிடம் போய்ப் பென்சில் விவகாரம் முதல் நீள நோட்டு வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஆய்வையே தூக்கிப் போட்டிருக்கலாம், அந்தப் பயத்தோடுதான் நின்றேன். அவர் நோட்டைக் கால்மணி நேரம் புரட்டினார்.

“நீங்க ஆறு வருஷமா தேடினது இவங்க நோட்டுல இருக்கு. பன்னெண்டு வருஷத்துல பேச்சு மாறியிருக்கு, திருத்துற கை மாறல. எட்டாவதா ஒரு பெட்டி போடுங்க. புது நகல் எடுங்க. நூறு கட்டுரை நானே குலுக்கி எடுத்துத் தரேன், ஒத்துப்போகுதான்னு பாக்க அது போதும். ரெண்டு பேரும் வேற வேற அறையில உக்காந்து போடுங்க. பென்சிலை மட்டும் வீட்டுல வெச்சிட்டு வாங்க.”

ரப்பரக்காவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எனக்காக எதையும் மாத்தாதீங்க. உங்களுக்கு எது படுதோ அதையே போடுங்க.” சரி என்று தலையாட்டினார். தன் வேலையைக் காலையில் முடித்துவிட்டு, மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் எனக்காக விட்டுக்கொடுத்தார். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. நான் அவரிடம் கத்தியதற்கு அதுவரை மன்னிப்பும் கேட்டிருக்கவில்லை.

நூற்றில் எண்பத்து நாலு ஒத்துப்போனது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மிச்சம் பதினாறையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். சிலவற்றில் நான் இறங்கி வந்தேன், சிலவற்றில் அவர். பதினைந்து முடிந்தது. பதினாறாவது இருநூற்றுப் பன்னிரண்டு. குலுக்கலில் அதுவும் வந்திருந்தது. நான் எட்டு போட்டிருந்தேன். அவர் மூன்று போட்டிருந்தார்.

“பின்னிணைப்பைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ஏழாவது கேள்வியைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப எட்டுதானே?”

“எனக்கு மூணுன்னு படுது மேடம். எது படுதோ அதையே போடச் சொன்னீங்க.”

அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். முன்பு நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் எனக்கு விட்டுக்கொடுத்த மனுஷி, இந்த ஒன்றில் அசைந்துகொடுக்கவில்லை. விஷயம் வழிகாட்டிக்குப் போனது. சொந்தக் கட்டுரையை ஆய்விலிருந்து விலக்கிவிடுவதற்கு விதியில் இடம் உண்டு என்றார் அவர்.

“வெச்சீங்கன்னா தேர்வாளர் அதையே பிடிச்சுக்கிட்டு ஆட்டிப்படைப்பாரு. யோசிச்சுக்கோங்க.”

ஒருநாள் முழுக்க யோசித்தேன். விலக்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை பிழைக்கும். ஆனால் அந்தச் ‘சாப்பிட்டீர்களா’ பையனுக்கு இரண்டாவது தடவையும் பூஜ்யம் போட்டது போலாகும். எட்டாவது பெட்டியிலேயே வைத்தேன். இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை என்று ஆய்வேட்டில் எழுதினேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் சமர்ப்பித்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். எட்டாவது பெட்டி யாருடைய யோசனை என்று கேட்டார். நூலக ஊழியருடையது என்று சொல்லி, அவர் பெயரையும் நோட்டையும் பென்சில் தடத்தையும் சொன்னேன். முன்வரிசையில் எங்கள் துறைக்காரர்கள் நெளிந்தார்கள்.

“உடன்பாடு ஏற்படாத அந்தக் கட்டுரையை எழுதியவர் யார்?”

“நான்தான் சார்.”

“இரண்டாமவர் உங்களைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறதே?”

“ஆமாம் சார். நான் விடவில்லை.”

அவர் சிரித்துவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வேலை நேரம் என்பதால் ரப்பரக்கா தேர்வுக்கு வரவில்லை. நான் ஓடிப்போய் அந்த அறையில் நின்றேன். அவர் ஒரு புத்தகத்தை அழித்துக்கொண்டிருந்தார். வேலை பிழைத்துவிட்டது என்றேன். தெரியும் என்றார், பியூன் வந்து சொல்லிவிட்டானாம். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். என் பிள்ளைகள் சாப்பிடுகிற சோற்றில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று சொன்னேன். இத்தனையும் எப்படி வாயிலிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் மேஜையிலிருந்த ரப்பர் துகளைக் கையால் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“இப்பவாவது ஒத்துக்குங்கக்கா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இருநூத்துப் பன்னெண்டு எட்டுதானே?”

“மொதல்ல ஏழு போட்டு ‘கீ ஒண்ணுதான்’னுதான் எழுதினேன் மேடம், இப்ப எட்டுன்னு சொல்றது அதைத்தானே. நோட்டுல அதைத்தான் கிறுக்கினேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் அப்புறம் மூணு போட்டேன், அதை மறைக்கல. ஆனா இப்ப நெசமாவே மூணுன்னுதான் தோணுது.”

“அது எப்படி?”

“என் பேப்பரைத் திருத்தினவரு திரும்பி வந்து, ஜன்னலைப் பத்தி எழுதினதும் சரிதான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல. இந்தக் கட்டுரையை எழுதினவங்க அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சு நின்னு எட்டுன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் எப்படி மேடம் அவங்களை அந்தப் பெட்டியில போடுவேன்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லை, எட்டுதான் என்று மட்டும் சொன்னேன். மூணு என்றார். அந்த ஒரு கட்டுரையில் நாங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.